54 பேர் சேர்ந்தாங்க, 13 பேர்தான் மிச்சம்: மொழி கிளாஸ் நடத்துற ஒரு டீச்சருக்கு பதில்

கேள்வி (சுருக்கி போட்டிருக்கேன்): நான் ஒரு யுனிவர்சிட்டில வெளிநாட்டு மொழிகள் டிபார்ட்மெண்ட்ல வேலை பார்க்கிறேன். பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானீஸ் மூணும் எலெக்டிவ். நான் எடுக்கறது ஜப்பானீஸ். முதல் செமஸ்டர்ல 54 பேர் சேர்ந்தாங்க, ரெண்டாவது செமஸ்டருக்கு மிச்சம் 13 பேர். மத்த ரெண்டு மொழிலயும் இதே கதைதான். 10 பேருக்குக் கீழ போனா கிளாஸை மூடிடுவோம்னு டீன் சொல்லிட்டார். போஸ்டர் ஒட்டினோம், வேலைவாய்ப்பு பத்திப் பேச ஆள் கூப்பிட்டோம், ஒண்ணும் எடுபடல, பசங்களுக்கு ஆர்வமே இல்ல. பசங்க கேக்கறது மூணே கேள்வி: வேலை கிடைக்குமா, மார்க் குறையுமா, போன்லயே டிரான்ஸ்லேட் ஆகுதே அப்புறம் எதுக்கு இது. பேசாம கட்டாயப் பாடமா ஆக்கச் சொல்லிக் கேக்கலாமான்னு தோணுது. நல்லா படிச்சிட்டிருந்த ஒரு பையன்கூட, மூணாவது வாரம் ஒவ்வொருத்தரா எழுப்பி வாசிக்க வெச்சேன், அன்னைக்கு அப்புறம் வரவே இல்ல. காரிடார்ல பார்த்தா சிரிச்சிட்டுப் போயிடறான். நான் எங்க தப்பு பண்றேன்?

பதில்:

வணக்கம் மேடம். உங்க லெட்டரைப் படிச்சிட்டு வரும்போது "54 பேர் சேர்ந்தாங்க"ங்கற இடத்துலயே நான் நின்னுட்டேன். நீங்க அதை ஏதோ சாதாரண தகவல் மாதிரி எழுதிட்டுத் தாண்டிப் போயிட்டீங்க. எலெக்டிவ்ல, யாரும் கட்டாயப்படுத்தாம, 54 பேர் வந்து உக்காந்திருக்காங்க! அப்புறம் "பசங்களுக்கு ஆர்வமில்ல"ன்னு எப்படிங்க சொல்றது? ஆர்வத்தோட வந்தவங்கதான், வந்த இடத்துல ஏதோ நடந்து அது வடிஞ்சு போயிருக்கு. அதனால போஸ்டர், பேனர், ஸ்பெஷல் லெக்சர் இதெல்லாம் கொஞ்ச நாளைக்கு ஓரமா வைங்க. ஓட்டைக் குடத்துல இன்னும் வேகமா தண்ணி ஊத்திட்டிருக்கீங்க.

நான் 20 வருஷத்துக்கு மேல ஜப்பானீஸ் சொல்லிக் கொடுத்தவன், நடுவுல சில வருஷம் ஜெர்மனும், இப்போ மொழி டீச்சர்களுக்கு டிரெய்னிங் கொடுக்கறதுதான் முழுநேர வேலை. பிரெஞ்சு எனக்கு பி1-ஐ (நடுத்தர நிலை) தாண்டல, அதனால அதைப் பத்தி கம்மியாத்தான் பேசுவேன். உங்க நம்பரைப் பார்த்து நீங்க பயப்படற அளவுக்கு நான் பயப்படல, ஏன்னா இது உங்க காரிடார்ல மட்டும் நடக்கற விஷயம் கிடையாது. அமெரிக்காவுல மாடர்ன் லாங்வேஜ் அசோசியேஷன்னு ஒரு சங்கம், காலேஜ்ல எத்தனை பேர் எந்த மொழி படிக்கிறாங்கன்னு பல வருஷமா எண்ணிட்டு வராங்க. 2016-க்கும் 2021-க்கும் நடுவுல இங்கிலீஷ் தவிர மத்த மொழிகள் எல்லாம் சேர்த்து 16.6 சதவீதம் குறைஞ்சிருக்கு. ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ் எல்லாமே அடி வாங்கியிருக்கு. ஆனா அதே அஞ்சு வருஷத்துல கொரியன் 38 சதவீதத்துக்கு மேல ஏறியிருக்கு. கொரியன் படிச்சா வேலை கொட்டும்னு யாரும் அங்க போஸ்டர் ஒட்டியிருக்க மாட்டாங்க, பாட்டும் டிராமாவும் பார்த்து அதுல ஏதோ ஒண்ணு பிடிச்சுப் போய் வந்த கூட்டம் அது. (சீனியர் டீச்சர்கள் சிலர் இதைக் கேட்டா மூக்கைச் சுருக்குவாங்க. "டிராமா பார்த்துட்டு வந்தியா"ன்னு ஒரு நக்கல் கேள்வி போதும், அந்தப் பொண்ணு அடுத்த கிளாஸுக்கு வராது. நான் கண்ணால பார்த்திருக்கேன்.)

வேலை விஷயத்துக்கு வரேன், இதுல என் பாவக்கணக்கையும் சொல்லிடறேன். ஆரம்ப காலத்துல நானும் ஓரியண்டேஷன்ல நின்னு சம்பளம், கம்பெனி, வெளிநாட்டு வாய்ப்புன்னு ஸ்லைடு போட்டு முழங்கினவன்தான். ஹால் நிறைஞ்சது, எனக்கும் பெருமையா இருந்தது. ஒன்றரை வருஷம் கழிச்சு ஒரு பையன் என்5 சர்டிபிகேட்டை கையில வெச்சிட்டு என் டேபிள் முன்னாடி நின்னு, "சார், நீங்க சொன்ன அந்த வேலை?"ன்னு கேட்டான். கோவமா கேட்டிருந்தாக்கூட பரவால்ல, நிஜமாவே வழி கேக்கற மாதிரி கேட்டான். என்5-ங்கறது ஜெஎல்பிடில (ஜப்பானீஸ் மொழித் திறன் தேர்வு) எல்லாத்துக்கும் கீழ இருக்கற படி, மொழியை வெச்சு வேலை தேடறவங்ககிட்ட பெரும்பாலும் கேக்கறது மூணு படி மேல இருக்கற என்2. அந்த தூரத்தை நான் ஸ்லைடுல காட்டவே இல்ல. அன்னைக்கு அப்புறம் முதல் கிளாஸ்ல சம்பளப் பேச்சை எடுக்கறதையே விட்டுட்டேன்.

அதுக்கு பதிலா என்ன சொல்லலாம்? உண்மைக் கணக்கைச் சொல்லுங்க. பசங்களுக்கு கணக்குன்னா புரியும். அமெரிக்க வெளியுறவுத் துறையில தூதரக ஆட்களுக்கு மொழி கத்துக் கொடுக்கற ஃபாரின் சர்வீஸ் இன்ஸ்டிட்யூட்னு ஒரு இடம் இருக்கு. அவங்க அனுபவத்துல, வேலைக்கு உதவற அளவுக்குப் பேசப் படிக்க ஸ்பானிஷ், பிரெஞ்சு மாதிரி மொழிக்கு 600-லிருந்து 750 மணி நேர கிளாஸ், ஜப்பானீஸ், சைனீஸ், கொரியன், அரபிக்கு 2200 மணி நேரம். அதுவும் வேற வேலையே இல்லாம தினமும் முழு நாள் உக்காந்து படிக்கறவங்களுக்கு, ஹோம்வொர்க் தனி. இப்போ உங்க எலெக்டிவைப் பாருங்க, வாரம் 4 மணி நேரம், 15 வாரம்னே வெச்சுக்குவோம், ஒரு செமஸ்டருக்கு 60 மணி நேரம். ரெண்டு செமஸ்டர் போனா 120. இதை போர்டுல எழுதிக் காட்டிட்டு, "இந்த 120-ல வேலை கிடைக்காது, ஆனா இந்த 120-ல இன்னின்ன செய்ய வரும், இதுக்கு மேல போகணும்னு தோணிச்சுன்னா வழி நான் காட்டறேன்"னு சொல்லிப் பாருங்க. பயந்து ஓடிடுவாங்கன்னு நீங்க நினைப்பீங்க. நாலஞ்சு பேர் ஓடுவாங்கதான். ஆனா மிச்சம் இருக்கறவங்களுக்கு ஏமாத்தப்பட்ட உணர்வு வராது, பாதில விட்டுட்டுப் போறவங்கள்ல நிறைய பேருக்கு அடியில இருக்கறது அந்த உணர்வுதான்.

"இன்னின்ன செய்ய வரும்"னு சொன்னேன்ல, அதை நீங்களா உக்காந்து கண்டுபிடிக்க வேண்டாம். ஐரோப்பிய கவுன்சில் 2001-ல வெளியிட்ட அந்த ஏ1-லிருந்து சி2 வரைக்கும் இருக்கற அளவுகோல் முழுக்க அப்படித்தான் எழுதியிருக்கு, "தன்னை அறிமுகம் செய்துக்க முடியும்", "எங்க இருக்கீங்கன்னு கேட்டு பதில் புரிஞ்சுக்க முடியும்"னு எல்லாம் "முடியும்" கணக்குல. உங்க சிலபஸ்ல லெசன் 1, லெசன் 2, வினைச்சொல் வடிவம், எச்சவினைன்னு இருக்கும். பசங்களுக்குக் கொடுக்கற காகிதத்துல அதைத் தூக்கிட்டு இந்த "முடியும்" லிஸ்டைக் கொடுங்க. நாலாவது வாரக் கடைசில அவங்களே டிக் அடிக்கட்டும்.

இப்போ நான் ரொம்ப நாளா சொல்லணும்னு நினைச்சிட்டிருக்கற விஷயம். அந்த 2200 மணி நேரக் கணக்கு யாருக்குத் தெரியுமா? இங்கிலீஷ் தாய்மொழியா இருக்கறவங்களுக்கு! அவங்களுக்கு ஜப்பானீஸ் வாக்கியம் தலைகீழாத் தெரியும், வினைச்சொல் கடைசில வர்றதே ஒரு அதிர்ச்சி. நம்ம பசங்களுக்கு என்னங்க அதிர்ச்சி? "கினோ கிதா ஹிதோ"ன்னா "நேத்து வந்த ஆள்". கினோ நேத்து, கிதா வந்த, ஹிதோ ஆள், வார்த்தைக்கு வார்த்தை அப்படியே உக்காருது. இதையே இங்கிலீஷ் வழியா சொல்லிக் கொடுத்தா ரிலேட்டிவ் க்ளாஸ் (relative clause)னு ஒரு முழு பீரியட் போகும், அதுவும் புரியாது. நம்ம பெயரெச்சம்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சது. அதைவிட எனக்குப் பிடிச்சது: "கைதே மிரு". கைதே எழுதி, மிரு பார். எழுதிப் பார்! முயற்சி பண்றதைச் சொல்ல "பார்"ங்கற வினையைத் துணைக்குப் போடற பழக்கம் நம்மகிட்டயும் இருக்கு, அவங்ககிட்டயும் இருக்கு, கொரியன்லயும் இருக்கு ("ஸ்ஸொ பொதா", அதுவும் எழுதிப் பார்தான்). "கைதே ஓக்கு"ன்னா எழுதி வை, ஓக்குங்கறது நிஜமாவே வை. இதை முதல் தடவை போர்டுல எழுதினப்போ கிளாஸ்ல ஒரு சத்தம் வந்தது பாருங்க, கிரிக்கெட்ல விக்கெட் விழுந்த மாதிரி.

இது, அது, எதுங்கற வார்த்தைகளும் அப்படித்தான். ஜப்பானீஸ்ல கொரே, சொரே, அரே, தொரேன்னு நாலு. புத்தகத்துல "சொரே"க்கு, கேக்கறவர் பக்கத்துல இருக்கற பொருள்னு ஒரு பத்தி விளக்கம் போட்டிருப்பாங்க. நம்ம பழைய தமிழ்ல இது, உது, அதுன்னு மூணு இருந்தது, யாழ்ப்பாணத் தமிழ்ல இன்னைக்கும் "உது" புழக்கத்துல இருக்கு, உங்க கையில இருக்கறதைக் காட்டி "உது என்ன"ன்னு கேப்பாங்க. ஒரு யாழ்ப்பாணத்துப் பொண்ணு என் கிளாஸ்ல இருந்தா, நான் விளக்க ஆரம்பிக்கும் முன்னாடியே "சார், அது உது"ன்னு சொல்லிட்டா. மத்தவங்க எல்லாம் அன்னைக்கு "உது"வையும் சேர்த்துக் கத்துக்கிட்டாங்க, ஒரே பீரியட்ல ரெண்டு மொழி.

உங்க ஜெர்மன், பிரெஞ்சு சகாக்களுக்கும் இதுல பங்கு இருக்கு. ஜெர்மன்ல "வைல்"னு காரணம் சொல்ற வாக்கியத்துல வினைச்சொல் கடைசிக்குப் போயிடும், "வைல் இஷ் ம்யூட பின்", கடைசில வர்ற அந்த "பின்"தான் நம்ம "களைப்பா இருக்கறதால"வோட இருக்கறது. இங்கிலீஷ்காரங்க திணறுற இடத்துல நம்மாளு நிம்மதியா மூச்சு விடலாம். பொண்ணைக் குறிக்கற ஜெர்மன் வார்த்தை அஃறிணைப் பாலாம் (கடைசில வர்ற "ஷென்" ஒட்டால வந்த வினை), "தாஸ் மேட்ஷென்". கிளாஸே சிரிக்கும். சிரிக்கட்டும், அப்புறம் கேளுங்க, "அந்தப் பொண்ணு வந்துச்சு"ன்னு நீங்க சொல்றதில்லையா, அது என்ன திணைன்னு. பிரெஞ்சுல 97-ஐ நாலு இருபது பத்து ஏழுன்னு சொல்றாங்கன்னு தலையில அடிச்சுக்குவாங்க. சரி, 90-ஐ நாம ஏன் தொண்ணூறுங்கறோம், அதுல நூறு எங்கிருந்து வந்தது, 900 எப்படித் தொள்ளாயிரம் ஆச்சு, அதுல ஆயிரத்துக்கு என்ன வேலை? ஒருத்தர்கிட்டயும் பதில் இருக்காது. பிரெஞ்சு மூக்கொலியைக் கண்டு பயப்படறவங்களை "மரம்"னு பேச்சு வழக்குல சொல்லச் சொல்லுங்க. மேடைல சொல்ற மரம் வேற, பேசும்போது சொல்ற மரம் வேற. பேச்சுல உதடு மூடவே மூடாது, கடைசில ஒரு ஓ மூக்கு வழியா போகும், பிரெஞ்சு "பான் ஜூர்"ல வர்ற முதல் பாதிக்குக் கிட்டத்தட்ட அந்த ஒலிதான். பிறந்ததுலேர்ந்து பண்ணிட்டிருக்கோம், யாரும் சொல்லல.

எல்லாமே தமிழ்ல இருக்குன்னு கிளம்பற ஆள் நான் இல்ல, அந்தக் கூட்டத்தைக் கண்டா நானே ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுவேன். இந்த மொழிகளுக்கு உறவுன்னு நான் சொல்லவே இல்ல, ரெண்டு மொழியும் ஒரே வேலைக்கு ஒரே மாதிரி கருவியை வெச்சிருக்கு, அவ்வளவுதான். கஷ்டம் வர்ற இடத்துல கஷ்டம் வரத்தான் செய்யும். நம்ம எழுத்துல "ஸ"வுக்கும், தேனீ மாதிரி அதிர்ற "ஸ"வுக்கும் வித்தியாசம் கிடையாது, பிரெஞ்சுல அதை விட்டா மீன் விஷமாயிடும், ரெண்டு வார்த்தைக்கும் அந்த ஒலி ஒண்ணுதான் வித்தியாசம். ஜெர்மன்ல பெயர்ச்சொல்லோட பாலைக் காட்ட முன்னாடி வர்ற டெர், டீ, தாஸ் மூணையும் மனப்பாடம்தான் பண்ணணும், குறுக்கு வழி இல்ல. கஞ்சி எழுத்து (ஜப்பானீஸ்ல பயன்படற சீன எழுத்து), ஜப்பான் அரசு அன்றாடப் பயன்பாட்டுக்குன்னு வெச்சிருக்கற பட்டியல்லயே 2136. அதுல அழகு பேசி ஒண்ணும் ஆகாது, தினம் கொஞ்சம் எழுதணும். ஆனா முதல் வாரம் ஹிரகானா (ஜப்பானீஸோட அடிப்படை ஒலி எழுத்து) அட்டையைப் பார்த்து முகம் வெளுக்கற பசங்ககிட்ட, அடிப்படை ஹிரகானா 46, நீ ஒண்ணாம் கிளாஸ்ல தமிழ் படிச்சப்போ 247 பார்த்தவன்னு சொல்லிப் பாருங்க. இங்கிலீஷ் டெக்ஸ்ட்புக்கை வெச்சுக்கிட்டு, இங்கிலீஷ்காரனோட கஷ்டத்தை எல்லாம் நம்ம பசங்க தலையில ஏத்தி, இது உலகத்துலயே கஷ்டமான மொழின்னு முதல் நாளே நாமளே சொல்லிக் கொடுத்துட்டு, அப்புறம் ஏன் போறாங்கன்னு கேட்டா எப்படி?

கிளாஸுக்குள்ள நடக்கற விஷயம் அடுத்தது. நீங்க லெட்டர்ல போற போக்குல எழுதியிருக்கீங்க, "ஒவ்வொருத்தரா எழுப்பி வாசிக்க வெச்சேன், அன்னைக்கு அப்புறம் வரவே இல்ல"ன்னு. மேடம், உங்க கேள்விக்கு நீங்களே பதில் எழுதிட்டீங்க, கவனிச்சீங்களா? அந்நிய மொழி கிளாஸ்ல வர்ற பயம் மத்த பாடத்துல வர்ற பயம் மாதிரி இல்ல, தனி ரகம். 1986-ல எலைன் ஹார்விட்ஸ்ங்கற மொழிக் கல்வி ஆராய்ச்சியாளரும் அவங்க கூட இருந்தவங்களும் இதை அளக்கறதுக்குன்னே 33 வாக்கியத்துல ஒரு கேள்வித்தாள் செஞ்சாங்க, இன்னைக்கு வரைக்கும் மொழி டீச்சிங் ஆராய்ச்சியில அதைத்தான் சுத்திச் சுத்திப் பயன்படுத்தறாங்க. கணக்குல தப்பு பண்ணினா விடை தப்பு, அவ்வளவுதான். மொழி கிளாஸ்ல 19 வயசுல, தன் சொந்த மொழியில நல்லா கிண்டலா சாமர்த்தியமா பேசற ஒருத்தன், திடீர்னு மூணு வயசுக் குழந்தை மாதிரி தட்டுத் தடுமாறி நிக்கணும், அதுவும் பிடிச்ச ஆளுங்க முன்னாடி. நல்லா படிக்கறவனுக்கு இது இன்னும் வலிக்கும், ஏன்னா அவனுக்கு முட்டாளா தெரிஞ்சு பழக்கமே இல்ல.

அதனால முதல் ஆறு வாரம் தனியா எழுப்பி வாசிக்க வைக்காதீங்க. ஜோடி ஜோடியா பேசட்டும், எல்லாரும் ஒரே நேரத்துல சத்தமா பேசினா யார் தப்பும் யார் காதுலயும் விழாது, அந்த இரைச்சல்தான் பாதுகாப்பு. பக்கத்து கிளாஸ் லெக்சரர் வந்து கதவைத் தட்டுவார், சமாளிச்சுக்கோங்க. நீங்க நடுவுல நடந்துட்டே காதைக் கொடுங்க, பொதுவா வர்ற தப்பு ரெண்டை மட்டும் எடுத்து கடைசி அஞ்சு நிமிஷம் பேர் சொல்லாம போர்டுல போடுங்க. முதல் வாரமே ஒரு உருப்படியான காரியம் அந்த மொழியில முடிஞ்சிருக்கணும், சின்னதா இருந்தாலும் சரி. நான் வழக்கமா பண்றது, மூணாவது கிளாஸ்ல ஜப்பான்காரர் ஒருத்தர் வீடியோ கால்ல வருவார், ஒவ்வொருத்தரும் பேர் சொல்லணும், ஒரு கேள்வி கேக்கணும், பதிலைக் குறிச்சுக்கணும், ஒரு ஆளுக்கு 40 செகண்ட். முன்னாடி அந்த 40 செகண்டை ஜோடியா பத்து தடவை ஒத்திகை பார்த்திருப்பாங்க. "நான் சொன்னது அவருக்குப் புரிஞ்சிடுச்சு சார்"னு வெளிய வந்து சொல்றப்போ அந்த முகத்துல இருக்கற வெளிச்சம் எந்த வேலைவாய்ப்பு லெக்சர்லயும் வராது.

மார்க் பத்தி சுருக்கமா. பசங்க பயம் நியாயமானது, ஒரு எலெக்டிவால மொத்த சராசரி இறங்கினா யாருக்குத்தான் பிடிக்கும். டீன்கிட்ட கட்டாயப் பாடமா ஆக்கச் சொல்லிக் கேக்கறதுக்கு பதிலா இதைக் கேளுங்க: முதல் செமஸ்டருக்கு மட்டும் கிரேடு இல்லாம பாஸ், ஃபெயில். அது முடியாதுன்னா இண்டர்னல் மார்க்ல பாதியையாவது வருகைக்கும், பதிவு பண்ணின ஆடியோவுக்கும் ஒதுக்குங்க, முதல் வார ஆடியோவையும் பத்தாவது வார ஆடியோவையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக் கேட்டா அவங்களுக்கே தெரியும். டைம்டேபிளையும் ஒரு தடவை பாருங்க. மொழி எலெக்டிவை எல்லாரும் களைச்சுப் போற கடைசி பீரியட்ல தள்ளறது எல்லா இடத்துலயும் நடக்கற அநியாயம். ரெண்டாவது செமஸ்டர்ல லேபோட இடிக்குதான்னும் பாருங்க, போன 41 பேர்ல எத்தனை பேர் வெறுமனே லேப் இடிச்சதால போனாங்கன்னு கேட்டிருக்கீங்களா?

போன் டிரான்ஸ்லேஷன் கேள்விக்கு நிறைய டீச்சர்கள் கோவப்படறாங்க, இல்லன்னா "மிஷின் தப்பு பண்ணும்"னு சொல்லித் தப்பிக்கறாங்க. தயவுசெஞ்சு அந்த வாதத்தை எடுக்காதீங்க, வருஷா வருஷம் தப்பு குறைஞ்சிட்டே வருது, அடுத்த வருஷம் நீங்கதான் மாட்டிக்குவீங்க. போர்டு படிக்க, மெயில் புரிஞ்சுக்க, வழி கேக்க போன் போதும்னு ஒத்துக்கோங்க. நேர்மையா ஒத்துக்கிட்டீங்கன்னா அடுத்து சொல்றதைக் கேப்பாங்க. நான் கிளாஸ்லயே அதைப் பயன்படுத்தறேன். ஒரு வாக்கியம் கொடுப்பேன், "நீங்க எப்ப வந்தீங்க", இதை போன்ல பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் மாத்து, அங்க "நீ" வந்ததா "நீங்க" வந்ததா பாரு. டிரான்ஸ்லேஷன் மென்பொருள் பல வருஷமா நிறைய மொழி ஜோடிகளுக்கு நடுவுல இங்கிலீஷ் வழியாத்தான் போயிட்டிருந்தது, இங்கிலீஷ்ல நீயும் நீங்களும் ஒண்ணுதான், அங்கேயே மரியாதை தொலைஞ்சிடும். இப்போ சில நேரம் சரியா வருது, சில நேரம் வராது, சரியா வந்ததான்னு பார்க்கத் தெரிஞ்ச ஆள் கிளாஸ்ல யார்? அந்த இடத்துல சிரிப்பு நின்னுடும். அதோட இன்னொண்ணு, போனை நடுவுல வெச்சுக்கிட்டு ஒருத்தரோட காரியம் முடிக்கலாம், நட்பா அரட்டை அடிக்கறது கஷ்டம். ஒருத்தர் ஜோக் சொல்லி முடிச்சு, போன் அதை மாத்திச் சொல்லி, நாம சிரிக்கறதுக்குள்ள அவர் வேற விஷயத்துக்குப் போயிருப்பார்.

வெளியிலேர்ந்து பேச ஆள் கூப்பிட்டதா எழுதியிருக்கீங்க. யாரைக் கூப்பிட்டீங்கன்னு எழுதல, ஆனா ஊகிக்க முடியுது, 15 வருஷம் வெளிநாட்டுல இருந்துட்டு வந்த, அந்த மொழியை அருவி மாதிரி பேசற ஒருத்தர். பசங்க கைதட்டியிருப்பாங்க, அப்புறம் "இது நமக்கு ஆகாது"ன்னு எழுந்து போயிருப்பாங்க. ஸோல்டான் டோர்ன்யேங்கற மொழி கற்றல் ஆராய்ச்சியாளர் 2005-ல ஒரு கருத்து வெச்சார், அந்த மொழி பேசற ஆளா தன்னையே மனசுல பார்க்க முடிஞ்சவங்கதான் தொடர்ந்து படிப்பாங்கன்னு. அருவியைப் பார்த்துத் தன்னை யாரும் நினைச்சுக்க மாட்டாங்க. ஒரே வருஷம் முன்னாடி இதே பெஞ்சுல உக்காந்து இதே ஹிரகானாவுல தடுமாறின சீனியர் வந்து, தப்போட, யோசிச்சு யோசிச்சு மூணு நிமிஷம் பேசினா நினைச்சுக்குவாங்க. உங்ககிட்ட அப்படி 13 பேர் இருக்காங்க மேடம். அந்த 13 பேரை மிச்சம்னு எழுதியிருக்கீங்க, எனக்கு அவங்கதான் உங்க டிபார்ட்மெண்ட்டே. அடுத்த பேட்ச் வந்ததும் ஆளுக்கு நாலு ஜூனியர்னு பிரிச்சுக் கொடுங்க, வாரம் 20 நிமிஷம் போதும், கான்டீன்ல உக்காந்தாக்கூட சரி. சொல்லிக் கொடுக்கறதுல அவங்களுக்கும் ஏறும்.

செமஸ்டர் லீவு விஷயத்தையும் விட்டுடாதீங்க. எபிங்ஹவுஸ்ங்கற ஜெர்மன் உளவியலாளர் 1885-லயே அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் பண்ணி, தன் மேலயே சோதனை செஞ்சு காட்டிட்டார், படிச்சது முதல் சில நாள்லயே வேகமா கரைஞ்சு போகும்னு. லீவு முடிஞ்சு வந்து உக்காரும்போது அவனுக்குப் பாதி எழுத்து மறந்திருக்கும், பக்கத்துல இருக்கறவனுக்கு ஞாபகம் இருக்கற மாதிரி தெரியும், அந்த வெக்கத்துலயே ரெண்டாவது செமஸ்டருக்குப் பேர் கொடுக்க மாட்டான். லீவுல வாரம் ஒரு 15 நிமிஷ கால், தினம் பத்து கார்டு புரட்டற ஆப், இது போதும். முதல் வாரம் புதுசா ஒண்ணும் எடுக்காதீங்க, "எல்லாருக்கும் மறந்திருக்கும், எனக்கே லீவுல கஞ்சி மறக்கும்"னு நீங்களே முதல்ல சொல்லிடுங்க. பொய்யும் கிடையாது அது, எனக்கு இன்னும் மறக்குது.

ஜெஎல்பிடி எழுத வைக்கலாமான்னு கேப்பீங்க. வைக்கலாம், ஆனா அதுல பேச்சுத் தேர்வும் கிடையாது, சொந்தமா எழுதற பகுதியும் கிடையாது, எல்லாம் விடை தேர்ந்தெடுக்கறதுதான். அதை மட்டும் குறி வெச்சு ஓட்டினா சர்டிபிகேட் இருக்கும், வாய் திறக்காது. பிரெஞ்சு டெல்ஃப், ஜெர்மன் கோத்தே பரீட்சை ரெண்டுலயும் பேச்சு உண்டு, அந்த விதத்துல உங்க சகாக்களுக்கு வேலை கொஞ்சம் சுலபம்.

கட்டாயம் ஆக்கறதைப் பத்தி: வேண்டாம். இங்கிலாந்துல 2004-ல 14 வயசுக்கு மேல வெளிநாட்டு மொழி கட்டாயமில்லன்னு மாத்தினாங்க, பிரெஞ்சும் ஜெர்மனும் எடுக்கறவங்க எண்ணிக்கை சரிஞ்சது சரிஞ்சதுதான். அவ்வளவு வருஷம் கட்டாயமா வெச்சிருந்தும் தானா வந்து உக்காரணும்னு பெரும்பாலானவங்களுக்குத் தோணல பாருங்க. உங்களுக்குத்தான் கேக்காமலே 54 பேர் வந்திருக்காங்களே. கட்டாயம்னு ஆனா 300 பேர் வருவாங்க, நீங்க மறுபடியும் ஒவ்வொருத்தரா எழுப்பி வாசிக்க வைக்க வேண்டியதா போயிடும்.

கடைசியா அந்தப் பையன். இன்னும் சிரிச்சிட்டுப் போறான்னு எழுதியிருக்கீங்க. உங்க மேல கோவம் இருந்தா வேற பக்கம் திரும்பிப் போயிருப்பான். ஏன் வரலன்னு மட்டும் கேக்காதீங்க, அதுக்கு லேப் இருந்தது, பஸ் லேட்டுன்னு ஏதாவது சொல்லுவான். அவன் நின்ன அந்த மூணாவது வாரத்து வாக்கியம் என்னன்னு உங்களுக்கு ஞாபகம் இருந்தா, அடுத்த தடவை காரிடார்ல அதோட முதல் பாதியை மட்டும் சும்மா சொல்லிட்டு நில்லுங்க. அவன் மீதியைச் சொன்னானா இல்லையான்னு எனக்கு எழுதுங்க.